மாயக் கம்பளத்தை நெய்தவன் எங்கே?

(வாலிபர் கலை இலக்கியப் பயிற்சி முகாமில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று காலை இந்தப் பந்தலில் ஒரு வாக்குவாதம் நடந்தது. ஒரு பக்கம் வயது முதிர்ந்த தோழர்கள்; மறு பக்கம் கல்லூரியில் படிக்கும் வாலிபர்கள். "சினிமாவைத் திறந்தாலும் டெலிவிஷனைத் திறந்தாலும் பூதம், மந்திரவாதி, நெருப்புக் கக்கும் டிராகன், நாகக்கன்னி! அரிசி என்ன விலை என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் இல்லாத ராஜ்யத்து ராஜாக்களின் வம்சாவளி மனப்பாடம்!" என்று ஒரு மூத்த தோழர் வேதனைப்பட்டார். உடனே ஒரு மாணவத் தோழர் எழுந்தார். "பகலெல்லாம் வேலைக்கு மனுப் போடுகிறோம். பதில் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணி நேரம் வேறோர் உலகத்தில் இருந்துவிட்டு வந்தால் அது என்ன குற்றம்?" என்று கேட்டார்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அந்த மாய உலகத்தைச் செய்பவன் யார்? அதற்குச் சொந்தக்காரன் யார்? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டால், காலையில் நடந்த வாக்குவாதம் வேறு விதமாக முடியும் என்பது நமது அபிப்பிராயம்.

கற்பனை நமக்கு எதிரியா?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாயக் கதை என்றாலே அது முதலாளித்துவ நஞ்சு என்று நினைப்பது தவறு. 1934 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் எழுத்தாளர் மாநாடு கூடியது. அங்கே பேசிய மாக்சிம் கார்க்கி, பறக்கும் கம்பளத்தையும் ஒரே எட்டில் காததூரம் கடக்கும் செருப்பையும் பற்றிச் சொன்னார். அந்தக் கதைகளைக் கட்டியவர்கள் உழைப்பாளிகள். நடந்து நடந்து கால் தேய்ந்தவன்தான் பறக்க ஆசைப்பட்டான். தன் உழைப்பின் பளுவைக் குறைக்க வேண்டும் என்ற ஆசைதான் மந்திரமாக உருவெடுத்தது என்பது அவர் கருத்தின் சாரம்.

நம் ஊரிலும் இதுதானே கதை? விக்கிரமாதித்தன் கதையை யார் கேட்டார்கள்? களத்து மேட்டிலும் திண்ணையிலும் படுத்திருந்த ஜனங்கள் கேட்டார்கள். 1951 இல் வந்த 'பாதாள பைரவி'யின் கதாநாயகன் தோட்டக்காரியின் மகன். 1956 இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் அலிபாபா விறகுவெட்டி. விறகுவெட்டி ஒரு வார்த்தை சொல்கிறான்; செல்வம் குவிந்து கிடக்கும் குகையின் கதவு திறக்கிறது. இந்தக் காட்சிக்குக் கொட்டகையில் விசில் பறந்தது ஏன்? பூட்டிய குகைகள் வெளியிலும் இருப்பதை ஜனங்கள் அறிந்திருந்ததனால்தான்.

லெனின் 1902 ஆம் ஆண்டு எழுதிய 'என்ன செய்ய வேண்டும்?' நூலில், கனவு காண்பது அவசியம் என்று வாதாடுகிறார். கனவு வாழ்க்கையோடு ஒட்டி நின்று, அதை மெய்யாக்க மனிதன் உழைக்கும்வரை அது அவனைப் பலப்படுத்துமே தவிரக் கெடுக்காது என்கிறார். ஆகவே கனவு நமக்கு எதிரி அல்ல. கனவைக் குத்தகைக்கு எடுத்தவன்தான் எதிரி.

இப்போது ஏன் இந்த வெள்ளம்?

மாயக் கதை பழையதுதான் என்றால், கடந்த 25 ஆண்டுகளில் அது இப்படிப் பெருகியதற்கு என்ன காரணம்? 2001 முதல் 2003 வரை 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் மூன்று வந்தன. மூன்றாவது படம் 2004 இல் 11 ஆஸ்கார் பரிசுகளை வாரிக்கொண்டது. 2001 முதல் 2011 வரை 'ஹாரி பாட்டர்' படங்கள் எட்டு. 2011 முதல் 2019 வரை டெலிவிஷனில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. நம் நாட்டில் 2015 இலும் 2017 இலும் 'பாகுபலி'. அமேசான் முதலாளி 'ரிங்ஸ் ஆஃப் பவர்' என்ற தொடரின் முதல் எட்டுப் பகுதிகளுக்கு மட்டும் சுமார் 46 கோடி அமெரிக்க டாலர் செலவழித்தார். அந்தத் தொடர் 2022 இல் வந்தது.

காரணங்கள் மூன்று. முதலாவது, கருவி. முன்பு அட்டையிலும் களிமண்ணிலும் செய்த பூதத்தை இன்று கம்ப்யூட்டரில் மயிர்க்கால் தெரியும்படி செய்ய முடிகிறது.

இரண்டாவது, சந்தை. ஒரு மதுரைக் குடும்பத்தின் கதையைப் பிரேசிலில் விற்பது கஷ்டம். இல்லாத நாட்டின் கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த பாஷையிலும் குரல் கொடுத்து எந்தத் தேசத்திலும் விற்கலாம். எந்தச் சர்க்காரும் கோபித்துக்கொள்ளாது. டிராகன் எந்த ஜாதி, எந்தக் கட்சி? ஒரு கதையின் உரிமையை ஒரு தரம் வாங்கிவிட்டால் படம், தொடர், பொம்மை, சட்டை, விளையாட்டு என்று இருபது வருஷம் கறக்கலாம்.

மூன்றாவது, ஜனங்களின் மனநிலை. நிச்சயமான வேலை இல்லை. நியாயம் எங்கே கிடைக்கும் என்றும் தெரியவில்லை. யார் நம்மை ஆள்கிறார்கள் என்பதே கண்ணுக்குப் புலப்படவில்லை. இந்த நிலையில், தீயவன் யார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய உலகம் மனதுக்கு ஆறுதல் தருகிறது. மாணவத் தோழர் காலையில் சொன்னது இதைத்தான். அந்தத் தாகம் நியாயமானது. ஆனால் அந்தத் தாகத்துக்கு என்ன ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

கட்டப்பா ஏன் அடிமை?

2015 முதல் 2017 வரை இந்தியா முழுதும் ஒரு கேள்வி சுற்றியது: "பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான்?" டீக்கடையில், பள்ளிக்கூடத்தில், ரயில் பெட்டியில் எல்லாம் இதே பேச்சு. நம் கட்சி ஆபீசிலும் கேட்டோம், அதை மறைப்பானேன்? ஆனால் இன்னொரு கேள்வியை நாமும் கேட்கவில்லை, நாடும் கேட்கவில்லை. கட்டப்பா ஏன் அடிமை? முன்னோர் செய்த சத்தியத்துக்காக ஒரு வீரன் பரம்பரை பரம்பரையாகச் சிம்மாசனத்துக்கு அடிமையாக இருக்கிறான். கட்டளை வந்தால் தன் அன்புக்குரியவனையும் குத்துகிறான். அதை விசுவாசம் என்று படம் கொண்டாடுகிறது. கெட்ட ராஜா போய் நல்ல ராஜா வருகிறான். அடிமை, அடிமையாகவே நின்று ஆனந்தக் கண்ணீர் விடுகிறான்.

வெளிநாட்டுச் சரக்கும் இதே ரகம்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் கடைசிப் பகுதி 2019 மே 19 அன்று ஒளிபரப்பாயிற்று. அமெரிக்காவில் மட்டும் அன்றிரவு 1 கோடியே 93 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கம்பெனி அறிவித்தது. தலைநகரம் சாம்பலாகிக் கிடக்கிறது. அடுத்த ராஜா யார் என்று பிரபுக்கள் கூடிப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து, ஆளப்படுகிற ஜனங்கள் எல்லோரையுமே கேட்டால் என்ன என்கிறான். உடனே என்ன நடக்கிறது? பிரபுக்கள் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறார்கள். நாய்க்கும் குதிரைக்கும் கூட வோட்டுக் கொடுக்கலாமே என்று கேலி செய்கிறார்கள். பிறகு தங்களுக்குள்ளேயே ஒருவனை ராஜாவாக்கிவிட்டுக் கலைந்து போகிறார்கள்.

பிரபுக்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று காட்டியதில் உண்மை உண்டு என்று ஒரு தோழர் வாதிக்கலாம். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் எட்டு வருஷம் ஓடிய அந்தக் கதையில், எரிந்து போன நகரத்து ஜனங்கள் ஒரு தரமாவது கூடிப் பேசினார்களா? அவர்கள் ஓடுவதற்கும் சாவதற்கும் மட்டுமே வருகிறார்கள். கற்பனைக்கு எல்லையே இல்லை என்கிறார்கள். டிராகனைக் கற்பனை செய்ய முடிகிறது. செத்தவன் எழுந்து நடப்பதைக் கற்பனை செய்ய முடிகிறது. ராஜா இல்லாத ஊரை மட்டும் கற்பனை செய்ய முடியவில்லை! இது கற்பனையின் எல்லை அல்ல, தோழர்களே. பணம் போட்டவனின் எல்லை.

நியூஜிலாந்தில் நடந்த கதை

இனித் திரைக்குப் பின்னால் போவோம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் நியூஜிலாந்தில் எடுக்கப்பட்டன. அங்கே மாதிரி உருவங்கள் செய்த ஒரு தொழிலாளியை, வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். "நீ தொழிலாளி அல்ல, காண்டிராக்ட்காரன்; உனக்கு உரிமை கிடையாது" என்பது கம்பெனியின் வாதம். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005 இல் அந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு, அவர் தொழிலாளியே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்ற நியாயம் நிலைத்தது.

2010 இல் 'ஹாபிட்' படம் எடுக்க ஏற்பாடு நடந்தது. நடிகர் சங்கம் கூட்டுப் பேரம் கேட்டது. சர்வதேச நடிகர் சம்மேளனமும் துணை நின்று, சங்க ஒப்பந்தம் இல்லாத படத்தில் நடிக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. உடனே, படத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்ற மிரட்டல் எழுந்தது. வேலை போய்விடும் என்று பயந்த படத் தொழில் ஊழியர்களே தலைநகர் வெல்லிங்டனில் சங்கத்துக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 25 அன்று பல நகரங்களில் 'ஹாபிட்டைப் போகவிடாதே' என்று கூட்டங்கள் நடந்தன.

அது என்ன நாள் தெரியுமா? நியூஜிலாந்தின் தொழிலாளர் தினம்! 1840 இல் அதே வெல்லிங்டனில் சாமுவேல் பார்னல் என்ற தச்சர், எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லி வென்றார். அந்த வெற்றியின் நினைவாகக் கிடைத்த விடுமுறை நாள் அது. அந்த நாளிலேயே தொழிலாளர்கள் தங்கள் உரிமைக்கு எதிராகத் தாங்களே கோஷம் போட்டார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. பிழைப்புப் போய்விடும் என்ற பயம் என்ன செய்யும் என்பது மூடிய ஆலை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரமே வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் அதிகாரிகள் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார்கள். பிரதம மந்திரியோடு பேரம் நடந்தது. அக்டோபர் 27 அன்று ஒப்பந்தம். இரண்டே நாளில் அவசர அவசரமாகச் சட்டம் நிறைவேறியது. படத் தொழிலில் வேலை செய்பவர், எழுத்தில் வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலாளி அல்ல, காண்டிராக்ட்காரர்! சுப்ரீம் கோர்ட்டு கொடுத்ததைப் பார்லிமெண்டு பிடுங்கிக்கொண்டது. அதற்கு மேல் கம்பெனிக்குக் கோடிக்கணக்கான டாலர் வரிச் சலுகை வேறு. சங்கத்தின் பகிஷ்காரத்துக்கும் படம் எங்கே எடுப்பது என்ற முடிவுக்கும் சம்பந்தமில்லை என்று டைரக்டர் பீட்டர் ஜாக்சன் அக்டோபர் 18 அன்றே சர்க்காருக்கு எழுதியிருந்தார் என்பது பிற்பாடுதான் வெளியே தெரிந்தது.

சரி, உரிமையைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்களா? அதே தேசத்தில்தான் 'ரிங்ஸ் ஆஃப் பவர்' முதல் பாகமும் எடுக்கப்பட்டது. சர்க்கார் மானியமும் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் அமேசான் கம்பெனி, இரண்டாம் பாகத்தை இங்கிலாந்தில் எடுக்கப் போகிறோம் என்று சொல்லி மூட்டை கட்டிவிட்டது. எட்டு மணி நேரத்தின் தாயகம், சலுகையும் கொடுத்து உரிமையும் கொடுத்து, கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. 2022 இல் ஒரு புதுச் சட்டம் வந்து கூட்டுப் பேர உரிமையை ஓரளவு திருப்பிக் கொடுத்தது. ஆனால் பேரத்துக்காக வேலை நிறுத்தம் செய்யும் உரிமை அதில் இல்லை.

முதலாளிக்குப் பணிந்தால் முதலாளி நிலைத்திருப்பான் என்பதுதான் எல்லா மாயக் கதைகளிலும் பெரிய மாயக் கதை.

புதுச்சேரிப் பையனின் புலி

இது எங்கோ தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 'லைஃப் ஆஃப் பை' என்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரிப் பையன் ஒருவன் நடுக்கடலில் புலியோடு படகில் மிதக்கும் கதை. 2012 இல் வெளியாகி 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்தப் புலியைக் கம்ப்யூட்டரில் உயிர்ப்பித்த முக்கியக் கம்பெனி 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்'. 2013 பிப்ரவரி 24 அன்று அந்தப் புலிக்காக ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்தக் கம்பெனி திவால் மனுக் கொடுத்திருந்தது. சுமார் 250 பேர் வேலை இழந்திருந்தார்கள். பரிசு மண்டபத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஊழியர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உள்ளே, பரிசு வாங்கியவர் தன் கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். பின்னணி இசையை உயர்த்தி அவர் பேச்சை அமுக்கிவிட்டார்கள்.

படம் அத்தனை கோடி வசூலிக்க, புலியைச் செய்தவன் திவாலானது எப்படி? சூட்சுமம் இதுதான். படக் கம்பெனி ஒரே விலை பேசிக் காண்டிராக்ட் கொடுக்கிறது. பிறகு, "புலியின் பார்வை சரியில்லை, மாற்று, அலை சரியில்லை, மறுபடி செய்" என்று எத்தனை முறையும் திருத்தச் சொல்லலாம். கூடுதல் வேலையின் செலவு பெரும்பாலும் செய்கிறவன் தலையில். லாபத்தில் அவனுக்குப் பங்கு இல்லை. அவன் விலையை உயர்த்தினால், மானியம் கொடுக்கும் வேறு நாட்டுக்கோ கூலி குறைந்த வேறு ஊருக்கோ வேலை பறந்துவிடும். மாயக் கம்பளம் உண்மையில் இருக்கிறது, தோழர்களே! மூலதனம் அதில்தான் பறக்கிறது.

அந்தக் கூலி குறைந்த ஊர்கள் எவை? மும்பை, ஹைதராபாத், பெங்களூர், நம் சென்னை. ஹாலிவுட்டின் எத்தனையோ பூதங்களும் மிருகங்களும் இங்கே நம் பிள்ளைகள் கையில் உருவாகின்றன. 2016 இல் வந்த 'ஜங்கிள் புக்' படத்தின் மிருகங்களைச் செய்து ஆஸ்கார் பெற்ற கம்பெனி, டெக்னிகலர் குழுமத்தைச் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் குழுமம் சரிந்தது. லண்டனிலும் அமெரிக்காவிலும் மட்டுமல்ல, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் திடீரென்று வேலை இல்லாமல் நின்றார்கள். அந்த மாதச் சம்பளமே வரவில்லை என்று முறையிட்டார்கள்.

நாம் செய்த தவறு

இங்கே ஒரு சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நம் தொழிற்சங்க ஆபீசுக்கு ஒரு வாலிபர் வந்தார். நெசவாளி வீட்டுப் பிள்ளை. கம்பெனியின் பெயர் வேண்டாம். வெளிநாட்டுப் படங்களுக்குக் கிராபிக்ஸ் வேலை. நடிகரைக் கட்டித் தூக்கிய கம்பியை ஒவ்வொரு படமாக அழிப்பது, தலைமுடியின் ஓரத்தை ஒவ்வொரு படமாக வரைந்து பிரிப்பது அவர் வேலை. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். ஐந்து விநாடிக் காட்சி என்றால் 120 முறை அதே முடியை வரைய வேண்டும். தேதி நெருங்கினால் பதினான்கு மணி நேரம். ஓவர்டைம் கிடையாது. "எங்கள் அப்பா தறியில் குனிந்தார், நான் திரையில் குனிகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். படம் வந்தபோது தாயாரை அழைத்துப் போயிருக்கிறார். கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. "உன் பேர் எங்கேடா?" என்று கேட்டார்களாம். பெயர் இல்லை.

"நாங்கள் சங்கம் வைக்க முடியுமா?" என்று அவர் கேட்டார். நாம் என்ன பதில் சொன்னோம்? "நீங்கள் குளிர்சாதன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள். கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் மறுபடி வரவில்லை. ஆறு மாதம் கழித்து நாமே தேடிக்கொண்டு போனோம். வேலை போயிருந்தது. மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மாயப் படம் பார்க்கிறான் என்று பிள்ளைகளைக் கண்டித்த நாம், மாயத்தைச் செய்கிற தொழிலாளி வாசலில் வந்து நின்றபோது அவனைத் தொழிலாளி என்று அடையாளம் காணவில்லை. நியூஜிலாந்துப் பார்லிமெண்டு சட்டம் போட்டுச் செய்ததை நாம் அறியாமையால் செய்தோம்.

இது நம் மரபுக்கே விரோதமானது. நிமாய் கோஷும் எம். பி. சீனிவாசனும் கோடம்பாக்கத்தில் என்ன செய்தார்கள்? 1960 இல் 'பாதை தெரியுது பார்' படத்தில் கைகோத்த அந்தக் கலைஞர்கள், அதோடு நிற்கவில்லை. சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கங்கள் கட்டுவதில் முன்னின்றார்கள். வாத்தியம் வாசிப்பவனும் விளக்குப் பிடிப்பவனும் தொழிலாளியே என்று சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இன்று உலகத்திலும் அந்தக் குரல் எழுகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் மார்வெல் கம்பெனியின் கிராபிக்ஸ் ஊழியர்கள் சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். ஒரு வோட்டுக் கூட எதிராக விழவில்லை. நம் மாநிலத்தில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் கிளப்பிய எதிர்ப்பில் அது மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டதையும் நாம் மறக்கக் கூடாது. எந்த மந்திரவாதியும் வந்து அதைச் செய்யவில்லை.

செய்ய வேண்டியது

ஆகவே மூத்த தோழர்களுக்கு நம் வேண்டுகோள்: பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் படங்களைப் பாருங்கள். திட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள். அந்த ராஜ்யத்தில் நெல் விளைவித்தவன் யார்? அவன் எங்கே? கட்டப்பா ஏன் அடிமை?

வாலிபத் தோழர்களுக்கு: படம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். பெயர்கள் ஓடும் வரையில் உட்காருங்கள். அந்த ஆயிரம் பெயர்களையும், அங்கே இல்லாத பெயர்களையும் நினையுங்கள். உங்களில் எழுதத் தெரிந்தவர்கள் மாயக் கதையையும் எழுதுங்கள். விறகுவெட்டி குகையைத் திறந்த பிறகு, தான் ராஜாவாகாமல் ஊரையே கூப்பிட்டுப் பங்கிடும் கதையை எழுதுங்கள்.

நமது கிளைகளுக்கு: நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்போம். அவர்கள் வரட்டும் என்று காத்திராமல் நாமே போவோம். முதலில் போக வேண்டிய வீடு எது என்று நமக்குத் தெரியும். அந்த நெசவாளி வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அவரோடு வேலை பார்த்த நான்கு பேரையும் அழைத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நம்மோடு வர விரும்பும் தோழர்கள் முகாம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

கம்பளம் பறக்கட்டும், தோழர்களே! ஆனால் அதை நெய்தவனும் அதில் உட்கார வேண்டும்.